பதினேழாம் நம்பர் எருமை

பதினேழாம் நம்பர் எருமை எதுவென்றா கேட்கிறாய்? என்றைக்கு எது என்று கேள் அம்மிணி, சொல்கிறேன். மொட்டையாகக் கேட்டால் நான் எதைக் காட்டுவது?

உட்கார். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாகப் போட்டுக்கொள். உங்கள் கல்லூரியிலிருந்து போன வருசம் வந்த டாக்டர் தம்பி அதிலிருந்துதான் விழுந்தார். யோகேஸ்வரன் என்று பேர். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. படிப்புதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. சினை என்று அவர் எழுதிக்கொண்டு போன எருமை கன்று போடவில்லையே என்று எங்கள் வீட்டுக்காரர் போனில் கத்தினாராம், உங்கள் பெரிய டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டு உன்னை அனுப்பியிருக்கிறாராம். ரத்தம்தானே, எடுக்கலாம். எருமை எங்கே ஓடிப்போகிறது? முதலில் நடந்ததைக் கேள். அப்போதுதான் தப்பு யார் மேல் என்று உனக்கே விளங்கும்.

என்னிடம் இரண்டு எருமை இருந்தது. இதோ நிற்கிறாளே, இவள் வளைக்கொம்பி. கொம்பைப் பார், வளையல் மாதிரி சுருண்டு கிடக்கிறது. இவளைக் கன்றிலிருந்து வளர்த்தவள் நான். என் கை பட்டால்தான் பால் விடுவாள். ஒருதரம் எனக்குக் காய்ச்சல் என்று என் மகள் கறக்கப் போனாள், குண்டா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். இன்னொருத்தி கூழைவாலி. வாலில் பாதி கிடையாது, சிறுசில் நாய் கடித்தது. கொம்பு ரெண்டும் கவட்டைக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க லட்சணம் கிடையாது. போட்டதைத் தின்னும், போட்ட இடத்தில் நிற்கும்.

ரெண்டும் ஒரே மழைக்காலத்தில் கன்று போட்டது. அதற்கப்புறம் ரெண்டும் பருவத்துக்கு வரவில்லை, கத்தவில்லை. ஒரு மாதம், ரெண்டு மாதம், எட்டு மாதம் ஆகிவிட்டது. பால் வற்றிக்கொண்டே வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரைவர், வடக்கே போர்க்கிணறு போடப் போனால் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார். திரும்பி வந்தவர் கட்டுத்தரையில் நின்று ரெண்டையும் பார்த்தார்.

"ஏபுள்ள துளசி, ரெண்டு மலடு என்னத்துக்கு? தை பொறக்கறதுக்குள்ள எதாச்சும் ஒண்ணு சினை நிக்கோணும். நிக்காதத சென்னியப்பன்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்."

சென்னியப்பன் யார் தெரியுமா? தரகன். வாரா வாரம் சந்தைக்கு லாரி ஏற்றுகிறவன். அந்த லாரியில் ஏறிய எருமை எதுவும் திரும்பிக் கட்டுத்தரையைப் பார்த்தது கிடையாது. அவன் எருமையைப் பார்க்கிறபோதே கண்ணால் கூறு போடுவான். "இவ நல்லாச் சதை வெச்சிருக்கறா" என்று வளைக்கொம்பியின் முதுகில் தட்டினான் ஒரு நாள். தட்டிய இடத்தை நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் தம்பி வந்தார். பால் சொசைட்டியில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கன்று போட்ட பிறகு எருமை பருவத்துக்கு வராமல் இருப்பதற்கு ரத்தத்தில் சத்துக் குறைவு ஒரு காரணமாம். என்னமோ பாஸ்பரஸ் என்றார், தாமிரம் என்றார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், "தாமிரம் கொறஞ்சா ஒரு செம்பு வாங்கித் தொட்டியில போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார். டாக்டர் தம்பி சிரிக்கக்கூட இல்லை, பாவம். ரத்தம் எடுத்துப் பார்ப்பாராம், தாது உப்புப் பொடி கொடுப்பாராம், அப்புறம் பருவம் வருவதற்கு ஹார்மோன் வைத்தியம் செய்வாராம். எல்லாம் இலவசம். வீட்டுக்கு ஓர் எருமை.

வீட்டுக்கு ஒன்று என்றதும் நான் வளைக்கொம்பி பேரைச் சொல்லிவிட்டேன். வேறு யார் பேரைச் சொல்வேன்?

மறுநாள் நம்பர் போட்ட மஞ்சள் பில்லையோடு வந்தார். காதில் ஓட்டை போட்டு மாட்ட வேண்டுமாம். நான் விடுவேனா? "தம்பி, எம்புள்ளைக்கே காது குத்த நாள் பாத்தேன். நீங்க நின்ன நெலையில குத்தறேங்கறீங்க. கழுத்துக் கயித்துல கட்டீட்டுப் போங்க" என்றேன். கட்டினார். பதினேழு. பக்கத்துத் தோட்டத்தில் சம்பூரணம், என் கொழுந்தனார் பெண்டாட்டி, அவள் தன் எருமைக்குக் காதிலேயே போட்டுக்கொண்டாள். எதை இலவசமாகக் கொடுத்தாலும் காதைக் காட்டுகிற ஜாதி அவள்.

சம்பூரணத்தின் எருமைக்குத்தான் முதலில் ரத்தம் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றுகொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"ஐயோ அக்கா, ரத்தம் எடுத்த கையோட பாலு காப்படி கொறஞ்சு போச்சுங்க்கா!"

ஏன் குறையாது? ரத்தம்தானே பாலாகிறது? மேல்தொட்டியில் மொண்டால் கீழ்க்குழாயில் குறையத்தான் செய்யும். இதற்குப் படிக்க வேண்டுமா? எட்டாவதோடு நின்ற எனக்கே தெரிகிறது. வளைக்கொம்பிக்கு மிஞ்சியிருந்ததே கொஞ்சம் பால். அதையும் குழாயில் பிடித்துக்கொண்டு போய்விட்டால், எங்கள் வீட்டுக்காரர் வந்து குண்டாவை எட்டிப் பார்ப்பார், சென்னியப்பனுக்குப் போன் போடுவார்.

மறுநாள் டாக்டர் தம்பியின் பைக் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன், பில்லையை அவிழ்த்துக் கூழைவாலி கழுத்தில் கட்டினேன். ரத்தம் ரத்தம்தானே அம்மிணி? எருமை ரத்தம் கேட்டார், எருமை ரத்தம் கொடுத்தேன். ஆட்டு ரத்தமா கொடுத்தேன்?

ஆனால் கண்ணு கூர்மைதான் அந்தத் தம்பிக்கு. குத்துவதற்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்கம்மா, இதுக்குக் கொம்பு நல்லா வளைஞ்சிருந்த மாதிரி ஞாபகம்?"

"கொம்பு இருக்குதான்னு மட்டும் பாருங்க தம்பி. வளைவு பாக்கறதுக்கு நாம என்ன சம்பந்தமா பேசப்போறோம்?"

"வாலும்..."

"ரத்தம் கழுத்துலதானுங்களே எடுக்கறீங்க?"

எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பார்த்த எருமை நாற்பதோ ஐம்பதோ. எல்லாம் கறுப்பு.

ஒரு வாரம் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. "உங்க எருமைக்கு பாஸ்பரஸ் ரொம்பக் கொறைவுங்கம்மா. தாமிரமும் கொறைவு. என்ன தீவனம் போடறீங்க?" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. குறை கூழைவாலி ரத்தத்தில்தான். வளைக்கொம்பி ரத்தத்தைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

தீவனம் கேட்டாரே, வளைக்கொம்பிக்குப் போடுவதைச் சொன்னேன், பெருமையாக இருக்கட்டும் என்று. சேகோ ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பி இருக்கிறதே, அது கூடை கூடையாக. பழைய சோறு. பண்டிகை என்றால் பொங்கல். டாக்டர் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, திப்பியில வயிறு நிறையும், சத்து இல்லீங்க. பசுந்தீவனம் போடுங்க, கடலைக்கொடி போடுங்க." வயிறு நிறைவதற்குத்தானே தீனி போடுகிறோம்? கூழைவாலிக்கு நான் திப்பி போடுவதே கிடையாது. அது வாய்க்கால் கரையில் கிடைத்த புல்லை மேயும், கடலைக்கொடியைக் கடிக்கும். திப்பி வாங்கிக் கட்டுப்படியாகுமா ரெண்டுக்கும்?

ரெண்டு சிப்பம் பொடி கொடுத்தார். "ரத்தம் எடுத்த எருமைக்குத் தினமும் ஒரு கை, மறக்காமப் போடுங்க" என்றார். நான் ஏமாற்றுகிறவள் இல்லை அம்மிணி. ரத்தம் எடுத்த எருமைக்கு என்றார், ரத்தம் எடுத்த எருமைக்கே போட்டேன். பாவம், வாயில்லா ஜீவன், ஊருக்கு ரத்தம் கொடுத்திருக்கிறது. அதற்கு வந்ததை எடுத்து வளைக்கொம்பிக்குப் போட்டால் நாளைக்கு எனக்குச் சோறு கிடைக்குமா? ஒரு நாள் தவறாமல் தவிட்டில் கலந்து கூழைவாலிக்குத்தான் வைத்தேன். மொறமொறவென்று நக்கும். தோல்கூட மினுமினுத்தது. புல் தின்கிற மினுமினுப்பு, வேறென்ன?

அடுத்த தடவை ரத்தம் எடுக்க வந்தார். பில்லை கூழைவாலிக்கு. சோதித்துவிட்டு வந்து ஒரே சந்தோசம். "அம்மா, சத்து நல்லா ஏறிடுச்சு! உங்கள மாதிரி ஒழுங்காப் பொடி போட்டவங்க ஊர்லயே இல்லீங்க" என்று சொசைட்டியில் எல்லார் முன்னாடியும் சொன்னார். சம்பூரணம் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவள் பொடியை மூட்டையோடு பரணில் போட்டவள்.

அப்புறம் ஹார்மோன். அன்றைக்குப் பில்லையை வளைக்கொம்பிக்கு மாற்றினேன். வைத்தியம் என்றால் வைத்தியம் தேவைப்படுகிறவளுக்குத்தானே? ரப்பரில் கவட்டை மாதிரி ஒன்று, மருந்து ஊறியதாம், அதைக் கருவாய்க்குள் வைத்துவிட்டார். வெளியே ஒரு நூல் தொங்கியது. வளைக்கொம்பி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை நான் யாரிடம் போய்ச் சொல்வது? நான்தான் காவல். நூலைக் காக்காய் இழுத்துவிடக் கூடாது, நாய் கவ்விவிடக் கூடாது. சம்பூரணம் வேலியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க்கா, எருமைக்கு ஏரியல் கட்டீருக்குது? சேனல் எதும் கெடைக்குதுங்களா?"

"உன்ற வூட்டுச் சண்டை தெளிவாத் தெரியுது, சத்தந்தான் கொஞ்சம் அதிகம்" என்றேன். போய்விட்டாள்.

சில நாள் கழித்து அதை உருவினார், ஊசி போட்டார். ரெண்டாம் நாள் விடியக்காலம் கத்தினாள் பார், வளைக்கொம்பி! ஒரு வருசமாக வாய் திறக்காதவள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், அப்படியே பல்பொடியை விழுங்கிவிட்டேன். டாக்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சினை ஊசி போட்டாயிற்று. அன்றைக்கு அவருக்குக் கோழி அடித்துப் போட்டேன். சைவமாம். குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன், அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

கூழைவாலி அந்த நாட்களில் என்ன செய்தது என்று யார் பார்த்தது? குட்டையில் போய்ப் படுத்துக்கிடக்கும். சம்பூரணத்தின் எருமைக்கிடாவும் அங்கேதான் படுத்துக்கிடக்கும். படுத்துக்கிடந்தார்கள்.

ரெண்டு மாதம் போனது. சினை பார்க்க வந்தார் டாக்டர் தம்பி. தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கையை உள்ளே விட்டுத் துழாவினால் என்ன ஆகும்? முளை விடுகிற விதையைத் தோண்டிப் பார்க்கிறவனை நீ கண்டிருக்கிறாயா? முதலிலேயே பைக் சத்தம் கேட்டுவிட்டது, பில்லையை மாற்றிவிட்டேன். துழாவ வேண்டுமானால் கூழைவாலியைத் துழாவட்டும். அதில் என்ன இருக்கிறது, கெட்டுப்போக?

துழாவினார். நின்றார். மறுபடி துழாவினார். "அம்மா, சினை! நிச்சயமாச் சினைங்கம்மா!" என்று கத்தினார். கையில் சாணி வடிய வடிய ஒரு சுற்றுச் சுற்றினார், அப்போதுதான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே பெரிய டாக்டருக்குப் போன். "சார், பதினேழு நின்னிருச்சு சார்!"

எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யோசித்தேன். கவட்டையும் வைக்காத, ஊசியும் போடாத, அந்த உப்புப்பொடியைத் தின்ற கழுதையே சினை நின்றிருக்கிறது என்றால், இத்தனை வைத்தியமும் பார்த்த என் வளைக்கொம்பி நிற்காமலா இருப்பாள்? அவளுக்கு ரெட்டையே நின்றிருக்கும். பில்லையை எடுத்து அவள் கழுத்தில் மறுபடி கட்டினேன். இனி எதற்கு மாற்றுவது?

இப்போதாவது புரிகிறதா உங்கள் வைத்தியத்தின் லட்சணம்? எதுவும் செய்யாத எருமை தானாக நின்றது. பொடியாவது ஒன்றாவது. ஒன்றரைச் சிப்பம் தின்று தீர்த்தது, அவ்வளவுதான்.

தை பிறக்கப்போகிற சமயம் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். வருகிற வழியிலேயே டாக்டர் தம்பியைப் பார்த்திருக்கிறார். 'பில்லை கட்டுனது சினைங்க' என்று அவர் சொல்லியிருக்கிறார். இவர் நேரே வந்து பில்லையைப் பார்த்தார், வளைக்கொம்பி முதுகைத் தடவினார். என் கண் நிறைந்துவிட்டது. அடுத்த பேச்சு என்ன தெரியுமா?

"அப்பக் கூழைவாலியக் குடுத்தர்லாம். சென்னியப்பன நாளைக்கு வரச் சொல்லீட்டேன்."

நான் என்ன சொல்வது, நீயே சொல். கூழைவாலிதான் சினை என்று சொன்னால், 'அப்போது இவள்?' என்பார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு இவளைத் துழாவச் சொல்வார். நான் பொய் சொல்லவில்லை அம்மிணி. வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காதவளை யாரும் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

ஆனால் ராவெல்லாம் தூக்கமில்லை. சினை மாட்டை லாரி ஏற்றினால் அந்தப் பாவம் யாரை விடும்? விடிந்ததும் வேலியைத் தாண்டி, வாழ்நாளில் முதல் தடவையாக, சம்பூரணம் வீட்டு வாசலுக்கு நானாகப் போனேன்.

"சென்னியப்பன் குடுக்கற வெலைக்கு நீயே கூழைவாலியப் புடிச்சுக்க சம்பூரணம்."

சந்தேகமாகப் பார்த்தாள். "சினையில்லாத எருமைய என்ற தலையில எதுக்குங்க்கா கட்டறீங்க?"

"நல்ல எருமை, பாத்துக்க. நம்ம குடும்பத்துலயே இருக்கட்டும்னுதான்."

"நம்ம குடும்பமா? என்னைக்கிருந்துங்க்கா?"

கேட்டாள் பார், ஒரு கேள்வி. இருந்தாலும் விலை மலிவு, விடுவாளா? பிடித்துக்கொண்டு போனாள். போகிறபோது, "இது நக்கிப் பழகுன பொடி மிச்சமிருக்குமே, அதயுங் குடுங்க" என்று கட்டுத்தரையில் இருந்த அரைச் சிப்பத்தையும் அள்ளிக்கொண்டு போனாள்.

அப்புறம் என்ன? அங்கே போய்க் கன்று போட்டது. கிடேரிக் கன்று. தாய் மாதிரி இல்லை, வால் முழுசாக இருக்கிறது. சம்பூரணம் ஊருக்கெல்லாம் சீம்பால் கொடுத்தாள். எனக்கு ஒரு சொம்பு நிறைய. "அக்கா, உங்க கையில மலடு, என்ற கட்டுத்தரைய மிதிச்சதும் சினை. கைராசின்னா இதுதானுங்க்கா" என்று என் வீட்டு வாசலில் நின்று சொல்கிறாள். மாதக் கணக்கு எண்ணத் தெரியாத முண்டம். எண்ணிச் சொல்ல எனக்கு வாய் இருந்தும் சொல்ல முடியவில்லை. அந்தச் சீம்பாலை நான் தொடவில்லை. அவர் குடித்தார், நல்லா இருக்குது என்றார்.

இங்கே வளைக்கொம்பி? வயிறு என்னவோ பெரிசாகத்தான் இருக்கிறது. பார். நான் தினமும் காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளே கடமுடவென்று சத்தம் வருகிறது. திப்பிச் சத்தம் என்கிறார் அவர். பத்து மாதம் போயிற்று, பதினொன்று போயிற்று. "ஏபுள்ள, இது எருமையா, ஆனையா? ஆனைதான் ரெண்டு வருசம் சொமக்கும்" என்கிறார். மடி வற்றிவிட்டது. நேற்று ரிக் வண்டியிலிருந்து இறங்கியதும் உங்கள் பெரிய டாக்டரைப் போனில் பிடித்து ஏறு ஏறென்று ஏறினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சென்னியப்பன் நாளைக்கு வருகிறான். இந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணு போதுங்க்கா, ராசியா இருக்குது" என்றுவிட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன் அம்மிணி, தப்பெல்லாம் உங்கள் கல்லூரி மேல்தான். வைத்தியம் பார்த்த எருமை நிற்கவில்லை, பார்க்காதது நின்றது. இதைப் போய் உங்கள் பெரிய டாக்டரிடம் அப்படியே சொல். என்ன முழிக்கிறாய்? உனக்கும் அந்தத் தம்பி மாதிரியே முழி.

என்ன? இவள் ரத்தத்தை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லையா என்றா கேட்கிறாய்? பார்க்கவில்லைதான். பார்த்து என்ன ஆகப்போகிறது, இவளுக்கு என்ன குறை?

... என்ன குறை இருக்கும் என்று நினைக்கிறாய்?

அந்தப் பொடியா? போட்டால் திரும்பப் பருவத்துக்கு வருவாளா? சும்மா சொல்லாதே. கூழைவாலி நின்றது குட்டையில் கிடந்ததால். பொடியால் என்றா சொல்கிறாய்? நான் நம்ப மாட்டேன். இருந்தாலும் ஒரு சிப்பம் இருந்தால் வைத்துவிட்டுப் போ. ரெண்டாக இருந்தாலும் சரி.

சரி, எழுந்திரு. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடு. அந்தப் பக்கம் போகாதே, உதைப்பாள், இப்படி வா. நான் முகத்தைப் பிடித்துக்கொள்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் அசைய மாட்டாள். ஏ வளைக்கொம்பி, ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிக்கற மாதிரிதான், இங்க பாரு, அம்மாவப் பாரு. ம், குத்து. மெல்ல. ஐயோ, எவ்வளவு கறுப்பாக வருகிறது! இப்படித்தான் வருமா?

எது குறைவாக இருந்தாலும் எனக்குத்தான் முதலில் போன் போட வேண்டும். அவருக்குப் போடாதே. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட முடியுமா? நாளைக்குக் காலையில் அவன் லாரி வந்துவிடும். கொஞ்சம் பொடி போட்டால் போதும், இவள் நிற்பாள் என்று நீ சொல்லிவிட்டால் அவர் கேட்பார். நான் சொன்னால் கேட்க மாட்டார். படித்தவர்கள் சொன்னால் கேட்பார்.

ஒரு குழாய்தானா? போதுமா? இன்னொன்று வைத்திருக்கிறாயா? அதையும் பிடித்துக்கொள் அம்மிணி. இதில் தெரியாதது அதில் தெரியலாம்.